தேரிக் காட்டுச் சூறை

பாலைவனம் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது என்று ஒரு நாள் வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டோம். "சகாரா" என்றான் ஒருவன். "ராஜஸ்தானம்" என்றான் மற்றொருவன். மூன்றாமவன் சிறிது யோசித்து, "ஒட்டகம்" என்றான். "திருச்செந்தூருக்குப் போகிற வழியில் ஒன்று இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லையே?" என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. பூகோள வாத்தியார் வேடிக்கை பேசுகிறார் என்று பிள்ளைகள் தீர்மானித்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆப்பிரிக்காவின் மணற்காட்டைப் படத்தில் பார்த்து வளர்ந்த நாம், நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் மணற்காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே, சென்ற ஆண்டு சித்திரை மாத விடுமுறையில், ஆறு மாணவர்களை அழைத்துக்கொண்டு தேரிக் காட்டுக்குப் புறப்பட்டோம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் முதலில் தாமிரபரணிக் கரையோடு செல்கிறது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி எங்கும் வாழையும் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. குரும்பூரில் இறங்கி, ஒரு வேன் பிடித்துத் தெற்கே சில மைல் சென்றோம். வாழைத் தோட்டங்கள் திடீரென்று முடிந்தன. எதிரே செக்கச் செவேலென்று மணல்! மேடும் பள்ளமுமாக, அலை அலையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் ஒரே சிவப்பு. வண்டி நின்றது. பிள்ளைகளின் பேச்சும் நின்றது.

குதிரைமொழித் தேரி என்பது இதன் பெயர். தூத்துக்குடி ஜில்லாவின் கடற்கரையை அடுத்து இப்படிப் பல தேரிகள் இருக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று வாரிக் குவித்த மணல் இது. மணற்பருக்கைகளின்மேல் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் இந்தச் செந்நிறம். மழையளவை வைத்துக் கணக்குப் பார்க்கும் விஞ்ஞானிகள் இதைப் பாலைவனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பாலை என்ற சொல்லை நமக்குத் தந்த பழந்தமிழர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டுபோகும் நிலைதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தத் திணைக்கு உரிய பெரும்பொழுது வேனில் என்றும், சிறுபொழுது நண்பகல் என்றும் இலக்கணம் வகுத்தார்கள். நாம் போயிருந்ததும் வேனிற்காலம். அப்பொழுது மணி பதினொன்றரை. அன்று நமக்கு வாய்த்த காட்சிக்கும் அந்த இரண்டு பொழுதுகளுக்கும் உள்ள உறவைப் பின்னால் சொல்லுகிறோம்.

மணலில் நடப்பது சுலபமான காரியமன்று. ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னுக்கு இழுக்கிறது. செருப்பைக் கழற்றிப் பார்த்த சுட்டிப் பையன் ஒருவன் அடுத்த க்ஷணமே துள்ளிக் குதித்து மாட்டிக்கொண்டான். நிழலில் காற்றின் வெப்பம் 38 டிகிரி இருக்கும்போது, வெயிலில் காயும் வறண்ட மணலின் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டிவிடும். பனை மரங்களும், குடை விரித்தாற்போன்ற உடை மரங்களும், இடையிடையே முந்திரிப் புதர்களும் தவிர நிழலுக்கு வேறு புகலிடம் இல்லை. காற்று அசையவில்லை. தொலைவில் இரண்டு மேடுகளுக்கு நடுவே கானல் நீர் பளபளத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கானலின் ஓரத்திலிருந்துதான் அது கிளம்பிற்று. முதலில் சிறிது மணல் தரையோடு தரையாக நெளிந்தது. பிறகு ஒரு சருகு வட்டமிட்டது. அதன்பின் நாலைந்து சருகுகள். கண் மூடித் திறப்பதற்குள் சிவந்த தூண் ஒன்று எழுந்து நின்றது. நின்றது என்று சொல்வது தவறு, ஆடிற்று. இடுப்பை வளைத்து, நிமிர்ந்து, மறுபடியும் வளைந்து, இரண்டு பனை உயரம், நான்கு பனை உயரம் என்று வளர்ந்துகொண்டே நகர்ந்தது. மேலே நீல வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பையன்கள் கைகொட்டி ஆரவாரித்தார்கள். கைக்கடிகாரம் கட்டியிருந்தவன் நேரம் பார்த்தான். சரியாக நான்கு நிமிஷம். பிறகு அந்தத் தூணின் அடிப்பகுதி மெலிந்தது, மேற்பகுதி புகைபோலக் கலைந்தது, அவ்வளவுதான்.

இதைத்தான் நாம் சூறை என்றும், சுழல்காற்று என்றும் சொல்லுகிறோம். கடலில் பிறக்கும் பெரும்புயல் வேறு, இது வேறு. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியை அழித்ததைப் போன்ற புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுடையது, நாட்கணக்கில் வாழ்வது. சூறையின் அகலம் பெரும்பாலும் சில மீட்டர்தான். ஆயுள் சில நிமிஷந்தான். உயரம் பல சமயம் சில பத்து மீட்டர்களோடு நின்றுவிடும். பெரியவை ஆயிரம் மீட்டர் வரையில் எழும்புவதும் உண்டு. புயலுக்கும் இடிமழைக்கும் மேகம் வேண்டும். சூறைக்கோ வெறும் தரையும் வெயிலும் போதும்.

பையன்கள் விளக்கம் கேட்டார்கள். வாத்தியாருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஓர் உடை மர நிழலில் நின்று உற்சாகமாக ஆரம்பித்தோம்.

"வெயில் நேராகக் காற்றைச் சூடாக்குவதைவிடத் தரையைத்தான் அதிகம் சூடாக்குகிறது. சூடேறிய தரை தன்மேல் படிந்த காற்றைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டி மிகச் சூடான மெல்லிய காற்றுப் படலம். அதற்கு மேலே அவ்வளவு சூடு இல்லாத காற்று. கானல் நீரைக் காட்டுவதும் இந்தப் படலந்தான். சூடான காற்று இலேசானது. எப்பொழுது மேலே பாயலாம் என்று காத்திருக்கும். எங்கேயாவது ஓரிடத்தில் வழி கிடைத்தவுடன் அது மேலே பாய்கிறது. காலியான இடத்தை நிரப்ப நாலு புறத்துக் காற்றும் ஓடி வருகிறது. ஓடி வரும் காற்றில் இலேசான சுழற்சி ஏதாவது இருக்கத்தான் செய்யும். நீங்கள் தட்டாமாலை சுற்றும்போது கைகளை நீட்டிச் சுற்றிப் பாருங்கள். பிறகு கைகளை மார்போடு ஒடுக்கிப் பாருங்கள். வேகம் கூடுகிறதல்லவா? நடுவை நோக்கி நெருங்க நெருங்கக் காற்றும் அப்படியே வேகம் பெறுகிறது. அந்த வேகத்தில் மணலும் சருகும் மேலே எழும்புகின்றன. நாம் பார்ப்பது காற்றையன்று. காற்று உடுத்திய மணலைத்தான்!"

பழையவர்கள் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் குறித்ததன் பொருத்தத்தையும் எடுத்துச் சொன்னோம். ஆண்டில் தரை மிகுதியாகக் காயும் காலமும், நாளில் மிகுதியாகக் காயும் வேளையும் அவையே. பலத்த காற்று வீசினால் சூடான படலம் கலைந்துவிடும். சூறை எழுவது அரிது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகுந்து மணலைக் குளிர்வித்துவிட்டால் ஆட்டம் ஓய்ந்துவிடும். இடைப்பட்ட இரண்டு மூன்று மணி நேரந்தான் அதன் ராஜ்யம். பூமியின் வடபாதியில் புயல்கள் இடமாகவே சுழலும். சூறைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இடமாகவும் சுழலும், வலமாகவும் சுழலும். இவற்றையெல்லாம் பையன்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். நமக்கும் நம்மைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் உண்டாயிற்று.

இந்த அபிப்பிராயத்தோடுதான் விடிலிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. பங்குனி முதல் ஆடி வரையில் பனையேறும் குடும்பங்களுக்கு அதுவே வீடும் தொழிற்சாலையும். கணவனோ மகனோ மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்த பதநீரைக் காலையில் கொண்டுவந்து கொட்டுவான். வீட்டுப் பெண்கள் அதை அகன்ற சட்டியில் ஊற்றி, மணிக்கணக்காகக் காய்ச்சிப் பாகாக்கி, சிரட்டைகளில் வார்ப்பார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டியின் புகழ் நேயர்களுக்குத் தெரியும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காலையில் இறக்கிய பதநீர் பாகாகும் நேரம் ஏறக்குறைய நண்பகல். அதாவது, வெளியே சூறை ஆடும் அதே நேரத்தில் ஓலைக் கூரையின் கீழே அடுப்பு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

விடிலியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி ஒருவரும் அவர் மகனும் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பட்டையில் பதநீர் கொடுத்து உபசரித்தார்கள். அடுப்பு வாசலை ஒட்டி இருந்தது. அதன் வாய்க்கு எதிரே, இரண்டு கம்புகளில் நனைந்த கோணிச் சாக்கு ஒன்று தொங்கிற்று. அடுப்பு எரிவதைப் பையன்கள் நன்றாகப் பார்க்கவேண்டும் என்று நாம் விரும்பினோம். சாக்கைச் சற்று விலக்கலாமா என்று கேட்டோம்.

"உச்சி சாயட்டும், வாத்தியாரையா. இப்பம் அதைத் தொடாதீய" என்றார் ஆச்சி. "சுழிக்காத்து ஆடுத நேரம். சாமி வேட்டைக்குப் பொறப்படுத வேளை இது. தீயைத் தொறந்து வச்சிருந்தா மிதிச்சிட்டுப் போயிரும்."

பையன்கள் நம்மைப் பார்த்தார்கள். நாம் புன்னகை செய்தோம். சற்று முன்புதான் சுழிக்காற்றின் ஜாதகம் முழுவதையும் கணித்து முடித்தவரல்லவா நாம்? "பயப்படாதீர்கள், ஆச்சி. அது காற்றுதான். மணல் மேட்டில் எழும்பும், இங்கே மரங்கள் இருக்கின்றன, வராது" என்றோம்.

"வாத்தியாரையா கேக்காங்கல்லா, அம்மா. ரெண்டு நிமிசந்தானே" என்று மகன் சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டார். நமக்காகத்தான் எடுத்தார், தம் மனம் ஒப்பி எடுக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தோம்.

இரண்டு நிமிஷம் ஆகவில்லை. பின்னாலிருந்த மேட்டில் சரசரவென்று ஓசை கேட்டது. பையன்கள் திரும்பி, "அதோ, அதோ!" என்று மகிழ்ச்சியோடு கூவினார்கள். முன்னதைவிடப் பருத்த தூண். பனைகளின் நடுவே நுழைந்து, ஓலைகளைச் சடசடவென்று அடித்துக்கொண்டு சரிவில் இறங்கிற்று. நமக்குக் கண்ணில் மணல் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது அடுப்பிலிருந்த கங்குகளும் எரிந்த சில்லாட்டைகளும் செம்பூச்சி போல அந்தரத்தில் சுழன்றுகொண்டிருந்தன. கூரையின் ஒரு மூலை புகைந்தது, உடனே பற்றிக்கொண்டது.

சித்திரை மாதத்து ஓலைக் கூரைக்கு எரியக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே அந்தக் குடும்பம் ஒரு மாதமாக உழைத்துச் சேர்த்த கருப்பட்டி பரணில் இருந்தது. கிணறு இருந்ததோ கால் மைலுக்கு அப்பால். மகன் பனையேறி, ஒரே தாவில் கூரைமேல் ஏறி, எரியும் ஓலைகளைக் கையால் பிடுங்கிக் கீழே எறிந்தார். ஆச்சி ஒரு க்ஷணங்கூடத் தயங்கவில்லை. காய்ச்சுவதற்காக வைத்திருந்த பதநீர்க் குடத்தைத் தூக்கித் தீயின்மேல் வீசினார். பிறகு இரண்டாவது குடம். நமக்கு அப்பொழுதுதான் கை கால் வந்தது. நாமும் பையன்களும் மூன்றாவது, நான்காவது குடங்களை எடுத்துக் கொடுத்தோம். கீழே விழுந்த ஓலைகளை மணலைப் போட்டு மூடினோம். தீ அணைந்தது. கூரையில் ஒரு பாய் அகலத்துக்கு வானம் தெரிந்தது. சூறையோ எதுவும் அறியாததுபோல் முந்திரிப் புதர்களுக்குள் போய் மறைந்துவிட்டது.

ஆச்சி நம்மை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மகனுடைய கையைப் பார்த்தார். தோல் கன்றியிருந்ததே தவிரப் பெரிய காயம் இல்லை. பிறகு காலிக் குடங்களைப் பார்த்து, "எட்டுக் கிலோ கருப்பட்டிக்குக் கொறையாது" என்றார்.

எட்டுக் கிலோவுக்கும், கூரைக்கும் சேர்த்துப் பணத்தை எடுத்து நீட்டினோம். வாங்கி எண்ணினார். கருப்பட்டியின் விலையை மட்டும் முடிந்துகொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஓலை நம்ம மரத்துல இருக்கு. அதுக்கு எதுக்குக் காசு?" என்றார். பிறகு, விழுந்து கிடந்த சாக்கை உதறி, சட்டி கழுவிய தண்ணீரில் நனைத்து, பழையபடி கம்பில் மாட்டினார்.

அங்கிருந்து மேலப்புதுக்குடியில் உள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனோம். தேரியின் நடுவே நீர் ஊறும் சுனையும், அடர்ந்த மரங்களும், அவற்றின் நிழலில் கோயிலுமாக, அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு நிதானப்பட்டது. வெகு நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் வகுப்பில் "ஒட்டகம்" என்று சொன்ன பையன்தான் கேட்டான்: "சார், அது அய்யனாரா, சூடான காற்றா?"

"சூடான காற்றுதான்" என்றோம். "அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது எந்த வேளையில் வரும் என்று நமக்கும் தெரிந்திருந்தது, ஆச்சிக்கும் தெரிந்திருந்தது. ஆச்சி சாக்கை நனைத்து மாட்டினார். நாம் அதை எடுக்கச் சொன்னோம்."

பிள்ளைகளின் முகம் வாடியிருப்பதைக் கண்டு, பெஞ்சமின் பிராங்க்ளினின் கதையைச் சொன்னோம். இடியையும் மின்னலையும் ஆராய்ந்த அந்த மேதை, 1755-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் நண்பர்களோடு குதிரையில் போகும்போது ஒரு சூறையைக் கண்டார். மற்றவர்கள் நின்றுவிட, அவர் மட்டும் அதன் பக்கத்திலேயே குதிரையை விட்டுக்கொண்டு போய்ச் சவுக்கால் பல முறை அடித்துப் பார்த்தார். சூறை கலையவில்லை, காட்டுக்குள் புகுந்து இன்னும் பலமாயிற்று. இத்தகைய சூறைகள் இங்கே வழக்கந்தானா என்று அவர் கேட்க, வழக்கமில்லை, பிராங்க்ளினை உபசரிப்பதற்கென்றே வரவழைத்தோம் என்று விருந்துக்கு அழைத்த கனவான் வேடிக்கையாகச் சொன்னாராம். பையன்கள் சிரித்தார்கள். பிராங்க்ளின் யார் வீட்டுக் கூரையையும் எரிக்கவில்லை என்பதை நாம் மட்டும் மனத்தில் நினைத்துக்கொண்டோம்.

இந்தியாவின் சூறைகளைப் பற்றி 1860-இலேயே தனிப் புத்தகம் எழுதியவர் பாட்லி என்னும் ராணுவ வைத்தியர். மின்சாரமே அவற்றுக்குக் காரணம் என்று அவர் நம்பினார். அது தவறு. ஆனால் சுழலும் மணற்பருக்கைகள் ஒன்றோடொன்று உராய்வதால் சூறைக்குள் மின்சாரம் உண்டாவது உண்மை என்று நூறு ஆண்டுகளுக்குப் பின் கருவிகள் காட்டின. செவ்வாய்க் கிரகத்திலும் சூறைகள் எழுகின்றன. 2012-இல் படம் பிடிக்கப்பட்ட ஒன்றின் உயரம் 20 கிலோமீட்டர்! 2005-இல் ஸ்பிரிட் என்னும் ஊர்தியின் சூரியத் தகடுகளில் படிந்த தூசியைத் துடைத்து, அதன் ஆயுளை நீட்டியதும் அங்கு வீசிய காற்றுதான். 2021-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தியின்மேல் ஒரு சூறை கடந்து போனபோது, மணற்பருக்கைகள் மோதும் ஓசையையே ஒலிவாங்கி பிடித்து அனுப்பிற்று. சிவந்த மண்ணும் வெயிலும் உள்ள இடத்தில், அது செவ்வாயானால் என்ன, குதிரைமொழியானால் என்ன, ஒரே ஆட்டந்தான்.

"இங்கே மட்டும் ஏன் சார் சூறை இல்லை?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. சுற்றிலும் பார்த்தோம். மரங்களின் அடியில் சருகு மெத்தைபோல் கிடந்தது. தரை கையால் தொடும்படி குளிர்ந்திருந்தது. தரையில் வெயில் விழாத இடத்தில் சூறைக்கு உணவு ஏது? தேரியில் உடையும் முந்திரியும் பனையும் நிற்கும் ஒவ்வோர் அடியும் இப்படிச் சூறையிடமிருந்தும் ஆடிக்காற்றிடமிருந்தும் மீட்கப்பட்ட அடிதான். மரத்தை வெட்டினால் மணல் நடக்கத் தொடங்கும். பனை வளர்ப்பவர்கள் கருப்பட்டி மட்டுமா தருகிறார்கள்? பக்கத்திலுள்ள வாழைத் தோட்டத்தையும் காவல் காக்கிறார்கள்.

கடற்காற்று வீசத் தொடங்கியதும் புறப்பட்டோம். பையன்களின் நோட்டுப் புத்தகங்களில் செம்மணல் புகுந்திருந்தது. அன்று இரண்டு சூறைகள் என்று எழுதியிருந்தார்கள். முதலாவது வலமாகச் சுழன்றது என்பதில் எல்லாரும் ஒரே அபிப்பிராயம். இரண்டாவது எந்தப் பக்கம் சுழன்றது என்று ஒருவனும் கவனிக்கவில்லை, வாத்தியாரும் கவனிக்கவில்லை.

விடைபெறும்போது ஆச்சியிடம் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கி வந்திருந்தோம். எரிந்த மூலையின் கீழே பரணில் இருந்தது அது. மறுநாள் காலையில் நம் வீட்டு அம்மாள் அதைப் போட்டுக் காப்பி கலந்து கொடுத்தாள். தானும் ஒரு வாய் குடித்தாள்.

"கருப்பட்டி முதல் தரம். ஆனால் கொஞ்சம் புகை வாசனை அடிக்கிறதே, ஏன்?" என்றாள்.

நாம் பதில் சொல்லாமல் காப்பியைக் குடித்து முடித்தோம்.